தனியறை இல்லாதவர்களின் தனிமை

(திருவொற்றியூரில் இளம் எழுத்தாளர்களுக்கான வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'எழுத்தும் தனிமையும்'. வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். "நம்ம வூட்ல தனிமைக்கு எங்கடி எடம்?" என்று கேட்டார். இந்தத் தலைப்பில் சொல்ல வேண்டியதில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதிக்கு எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்தாளன் என்றால் தனிமையானவன் என்று ஒரு படம் நம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. ஜன்னலோரம் ஒரு மேசை, ஆறிப்போன காபி, வெளியே மழை. கூட்டத்தில் இருந்து விலகி உட்கார்ந்தால்தான் எழுத்து வரும், தனிமை ஒரு தவம் என்று இலக்கியப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். எழுத ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் பலர் முதலில் இந்தப் படத்தைத்தான் நகல் எடுக்கப் பார்க்கிறார்கள். அந்த மேசையும் ஜன்னலும் அமையாதபோது, நமக்கு எழுத்து வராது போல என்று விட்டுவிடுகிறார்கள். என் கவலை அதுதான்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரிலேயே தனிமையின் பெரிய அடையாளம் ஒன்று இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தாரின் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்த இடம் ஒற்றியூர் என்பது மரபு. சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீடும் கப்பலும் சரக்கும் இருந்தவர் விட்டுவிட்டு வந்தார், சரி. எதுவுமே இல்லாதவர் எதை விடுவது? துறவுக்கும் ஒரு முதலீடு தேவைப்படுகிறது. பட்டினத்தாரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பாட்டை எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பாடிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் விலகிப் போவதற்கு முன்னால் சேர்ந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தக் கதைதான் எனக்குப் புரிய வைத்தது.

இன்னொருவர் வள்ளலார். ஏழுகிணறு வீராசாமி தெருவில் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சுற்றுகிறான் என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். அண்ணிதான் மறைவாகச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார் என்று வரலாற்றில் சொல்கிறார்கள். வீட்டிலேயே படிக்கிறேன் என்று இவர் ஒப்புக்கொண்டதும் மாடியில் ஓர் அறை கிடைத்தது. அங்கே ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, அதன் முன் உட்கார்ந்தார். ஏழுகிணற்றில் இருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வந்து போனவர் அவர். வடசென்னையில் ஒரு கவிஞருக்குத் தனியறை கிடைத்த கதை இது. அந்த அறைக்குப் பின்னால் சோறு வைத்த ஓர் அண்ணி இருக்கிறார். அந்த அண்ணிக்கு எழுதத் தோன்றியிருந்தால் எந்த மாடியில் போய் உட்கார்ந்திருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. வள்ளலார் அந்த அறையோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1867-ல் வடலூரில் அடுப்பு மூட்டிப் பசித்தவருக்குச் சோறு போட்டார். சாதியை மறுத்தார்.

1929-ல் இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப் இதையே கணக்காகச் சொன்னார். ஒரு பெண் எழுத வேண்டும் என்றால் பூட்டிக்கொள்ளத் தனியறை வேண்டும், ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானம் வேண்டும் என்றார். நேர்மையான கணக்கு. எழுத்து மூளையில் இருந்து மட்டும் வருவதில்லை, வீட்டு வாடகையிலும் இருந்து வருகிறது என்று ஒப்புக்கொண்டார் பாருங்கள், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கணக்கை எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான் வளர்ந்தது குடிசை மாற்று வாரியத்தின் பழைய பிளாக் ஒன்றில். 1970-ல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். பெயர் நீண்டுவிட்டது. நாங்கள் இருந்த பிளாக்கின் சுவர் அங்கேயேதான் இருந்தது. ஒரு கூடம், மூலையில் சமையல், ஒரு குளியலறை, எல்லாம் சேர்த்து இருநூறு சொச்சம் சதுர அடி. ஆறு பேர். ராத்திரி யார் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்பதே ஒரு பஞ்சாயத்து. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விடிகாலை வேலை என்றால் எட்டரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிட வேண்டும். அண்ணனுக்கு இரவு ஷிப்ட். பகலில் அவன் தூங்கும்போது பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அங்கே தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட துணி, சீட்டாடும் அண்ணன்கள், அனல்மின் நிலையத்துச் சாம்பல். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயந்திரம் எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால்தான் அது வெள்ளை என்று தெரியும்.

பிறகு மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலைக்குப் போனேன். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் மூச்சுவிட முடியாது. ஆனால் எப்போதாவது சர்வர் படுத்துவிடும். அந்த அரைமணி நேரம் டிரைவர்கள் கத்துவார்கள், மேனேஜர் போனில் கெஞ்சுவார், எனக்கு மட்டும் கை சும்மா இருக்கும். வீணாய்ப்போன கேட் பாஸ் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என் முதல் நான்கு சிறுகதைகளும் சர்வரின் தயவில் வந்தவை. அங்கே எழுதிப் பழகியதாலோ என்னவோ, இன்றைக்கும் சத்தம் இல்லாத இடத்தில் எனக்கு எழுத வருவதில்லை. இப்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறது, குளிராகவும் இருக்கிறது. அங்கே எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் படிப்பார். படிக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கட்டும் இருக்கிறது. இங்கே வந்திருக்கும் தங்கச்சிகளில் பாதிப்பேர் போனில்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். ராத்திரி போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "யாரு கூட பேசினு கீற?" எழுதுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "யாருக்கு?" ஒரு பெண் தனியாக எதையோ எழுதுகிறாள் என்றால் அது கடிதமாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கடிதம் வேறு சாதிக்குத்தான் போக வேண்டும் என்று வீடு நினைக்கிறது. இந்தப் பயம் சாதியில் இருந்து வருகிறது. பெண்ணின் தனிமையைக் காவல் காக்காமல் சாதியைக் காப்பாற்ற முடியாது என்பதை அம்பேத்கர் 1916-லேயே எழுதிவிட்டார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி, அதற்காகத்தான் பெண்ணின் மீது இத்தனை கட்டு என்பது அவருடைய அந்த முதல் கட்டுரையின் வாதம். உங்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கும் அண்ணன் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டான். அவன் அதை நடைமுறையில் தெரிந்து வைத்திருக்கிறான்.

ஆக, தனித்து உட்கார நமக்கு இடமில்லை. அப்படியென்றால் நாம் தனிமையை அறியாதவர்களா? அப்படியும் இல்லை. அதில்தான் நிறையக் குழப்பம். தனித்திருப்பது வேறு, ஒதுக்கப்பட்டிருப்பது வேறு. தனித்திருப்பவர் வேண்டும்போது கதவைத் திறந்துகொண்டு வெளியே வரலாம். ஒதுக்கப்பட்டவரின் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்தது அப்படித்தான். சேரியில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இருப்பார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரும் சேர்ந்து தனியாக இருப்பார்கள். நகரத்தில் இதற்கு 'ஏரியா' என்று பெயர். எந்த ஏரியா என்று கேட்கிறார்கள், எண்ணூர், காசிமேடு, வியாசர்பாடி என்று சொல்கிறோம், அதற்குப் பிறகு பேச்சின் போக்கு மாறுகிறது. இங்கிருந்து ஆட்களைத் தூக்கி இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டு போட்டபோது ஏரியாவும் போய்விட்டது. ஒதுக்கத்தை மட்டும் லாரியில் கூடவே ஏற்றி அனுப்பினார்கள்.

நமக்குத் தனித்திருக்கும் உரிமையைத் தராமல் ஒதுக்கத்தை மட்டும் அள்ளித் தருகிறது சாதி. இந்த இரண்டையும் ஒன்று என்று நம்பிக்கொண்டு, என் ஒதுக்கத்தை நான் ஒரு தவமாக அனுபவிக்க வேண்டும் என்று எழுத வரும் பிள்ளை நினைத்தால் அது ஆபத்து. எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு ரோகித் வெமுலாவைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர். ஐந்து மாணவர்களை விடுதியில் இருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் வளாகத்தின் திறந்தவெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தலித் குடியிருப்பைக் குறிக்கும் சொல். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு சேரி இருக்கிறது என்று அந்த ஒரு சொல்லால் காட்டினார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் நம்மை விட்டுப் போனார். அதை நிறுவனப் படுகொலை என்றுதான் நாம் சொல்லி வருகிறோம். அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். இரண்டு, சிறுவயதுத் தனிமையில் இருந்து தன்னால் மீளவே முடியவில்லை என்றார். எழுத்தும் தனிமையும் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தீர்கள். அந்த இரண்டு சொற்களும் ஒரே தாளில் இருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு எழுத்தாளரை அவர் எழுதத் தொடங்கும் முன்பே இழந்தோம்.

அதனால் இங்கே இருக்கும் யாருக்காவது அந்த மாதிரி இருட்டு மனதில் இருந்தால் அதை நல்ல கதைக்கான சரக்கு என்று பொத்தி வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நேரம் காலம் பார்க்காமல் என்னைக் கூப்பிடுங்கள். கதையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

நம் முன்னோர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்கிறேன். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். நாலு பக்கம், இரண்டணா விலை. சுமார் பத்து ரூபாய் செலவழித்ததாகவும், இந்தச் சென்னை நகரத்தில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றதாகவும் தன் வரலாற்றில் சொல்கிறார். எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதையே மாதாமாதம் அச்சில் ஏற்றித் தெருவில் விற்றால் என்ன நடக்கும்? இந்தப் பேரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வரும். அந்த 400 பேரும் அதுவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

பதினான்கு வருடம் கழித்து, 1907 ஜூன் 19-ல், ராயப்பேட்டையில் இருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அடுத்த ஆண்டே 'தமிழன்' என்று பெயர் மாறியது. அவர் எழுதியதை எல்லாம் படித்தால் ஒருவர் உட்கார்ந்து எழுதியதா என்று மலைப்பாக இருக்கும். வரலாறு, பௌத்தம், மொழி ஆராய்ச்சி, மருத்துவம், விவசாயம், அரசியல் விமர்சனம் எல்லாம் வாரம் தவறாமல் வந்தன. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கேள்வி பதில். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். கப்பலேறி ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன நம் ஆட்களிடமும் பத்திரிகை போய்ச் சேருகிறது. நாள் பூராவும் பூமிக்கடியில் இருந்துவிட்டு மேலே வந்து, பண்டிதரே, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்தப் பண்டிகை எங்கிருந்து வந்தது என்று கடிதம் போடுகிறார் ஒரு மனிதர். அதற்குப் பண்டிதர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார். அந்தப் பதில்களில் இருந்துதான் அவருடைய பெரிய சிந்தனைகள் பல வளர்ந்தன என்பது என் கருத்து. ஜன்னலோரத் தனிமைக்கு அங்கே நேரமே இல்லை. அடுத்த புதன்கிழமை பத்திரிகை வந்தாக வேண்டும்.

அப்படியானால் அவருக்குத் தனிமை இல்லையா என்றால், இருந்தது. அதே ஆண்டுகளில் இதே நகரத்தில் பாரதி 'இந்தியா' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். பாரதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அயோத்திதாசர் 1914 மே 5-ல் காலமானார். அதன் பிறகு தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் 'தமிழ'னை மறுபடி நடத்தினார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையில் இருந்து தொகுதிகள் வந்த பிறகுதான் தமிழ் அறிவுலகம் அப்படி ஒருவர் இருந்தாரா என்று கேட்டது. 85 வருடம். எழுதும்போது அவர் தனியாக இல்லை. எழுதி முடித்த பிறகு அவரைத் தனியாக வைத்தார்கள். நம் எழுத்தாளருக்கு வரும் தனிமை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இதற்கு ஜன்னலும் மேசையும் மருந்து இல்லை. பெட்டிக்குள் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்களே அந்தக் குடும்பங்கள், அவர்கள்தான் மருந்து.

இப்போது காலம் மாறிவிட்டது, நம் எழுத்தைத் தேடி வந்து போடுகிறார்கள் என்று சொல்வீர்கள். போடுகிறார்கள். அதற்குள் இருக்கும் ஒதுக்கத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன்.

பிரேசிலில் சாவோ பாலோ நகரம். அங்கே கனிந்தே என்றொரு குடிசைப் பகுதி. கரோலினா மரியா தெ ஜேசுஸ் என்ற கறுப்பினப் பெண், மூன்று குழந்தைகளுக்குத் தாய், இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம் போனவர். குப்பையில் காகிதமும் இரும்பும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார். பொறுக்கிய நோட்டுகளில் எழுதாத பக்கம் இருந்தால் அதில் நாட்குறிப்பு எழுதினார். நம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் இப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1958-ல் ஒரு பத்திரிகையாளர் கண்ணில் பட்டார். 1960-ல் நாட்குறிப்பு புத்தகமாக வந்தது. முதல் பதிப்பு 10,000 பிரதிகள் சில நாட்களில் தீர்ந்தன. பல மொழிகளில் பெயர்த்தார்கள். கரோலினா குடிசையை விட்டுச் செங்கல் வீட்டுக்குப் போனார். அவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது குடிசைவாசிகளில் சிலர் கல்லெறிந்தார்கள். எங்களைப் பற்றி எழுதிப் பணம் சம்பாதித்தாய் என்று கோபம். போன இடத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ இவர் கறுப்பி, குடிசைக்காரி. அவர் நாவல் எழுதினார், கவிதை எழுதினார், பாட்டுப் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். எதையும் யாரும் பெரிதாக வாங்கவில்லை. அவரிடம் இருந்து உலகத்துக்குத் தேவைப்பட்டது பசியின் நாட்குறிப்பு ஒன்றுதான். 1977-ல் நகரத்தின் ஓரத்தில் மறக்கப்பட்டவராகச் செத்துப்போனார்.

நம் ஊரில் இதில் பாதி நடந்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது அவருடைய சொந்த ஊரிலேயே கோபம் வந்தது. பல மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு இளைஞர்கள் படித்துவிட்டு அது யாருக்காக எழுதப்பட்டது என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லி நிலைமை மாறியது. அந்த இளைஞர்களின் பெயர் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. அந்த வேலையை அவர்கள் செய்யாமல் இருந்திருந்தால் பாமாவின் அடுத்த புத்தகம் எப்படி வந்திருக்கும்?

வடசென்னையில் இருந்து எழுதினால் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கத்தி, கஞ்சா, ரவுடி, நடுநடுவே கொஞ்சம் கானா. ஒரு பத்திரிகைக்கு நான் ஒரு கதை அனுப்பினேன். யார்டில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் மதிய நேரத்தில் வானியல் பேசிக்கொள்வார்கள், அதுதான் கதை. கதை நல்லா இருக்கு, ஆனா இதுல வடசென்னை இல்லையே என்று பதில் வந்தது. எண்ணூரில் நட்சத்திரம் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போல. சாம்பல் பறக்காத ராத்திரியில் நன்றாகவே தெரியும். நம் வலியை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் சந்தை நம் சிந்தனையை வாங்குவதில்லை. அயோத்திதாசரை ஒதுக்கியதற்கும் கரோலினாவின் நாவலை ஒதுக்கியதற்கும் இந்தப் பதிலுக்கும் வேர் ஒன்றுதான்.

அதற்காக நம் வலியை எழுதாமல் விடச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டால் யார் எழுதுவார்கள்? 2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதைக் கரையில் நின்று பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, இறால், அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. அது காய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கண் எரிய, மூச்சு முட்ட, எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று தெரியாமல் ஓடினார்கள். அந்த ராத்திரி சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கொஞ்ச தூரத்தில் மீதிச் சென்னை தூங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லும் ஒதுக்கத்துக்கு இதைவிடத் தெளிவான படம் என்னிடம் இல்லை.

மறுவாரம் சின்னகுப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவில் நிறுத்தி, "நீ எய்தினத படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். "நான் அய்தேன்னு போட்டுக்கீற. நான் அய்வுல. கண்ணு எரிஞ்சுது, தண்ணி வந்துச்சு. ரெண்டும் வேற" என்றார். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து மணியைத் திருத்தினார். ஒரு பையன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். மூன்று மணி நேரத்தில் நாலு பக்கம் வந்தது. அந்த நாலு பக்கத்தை நான் தனியறையில் முப்பது நாள் உட்கார்ந்தாலும் எழுதியிருக்க முடியாது. எழுத்தாளர் தன் தனிமையில் இருந்து மக்களுக்காக எழுதுகிறார் என்று சொல்வார்கள். மக்கள் எழுத்தாளருக்குப் பிழை திருத்துவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இந்தப் பகுதிக்கு இது புதுப் பழக்கமும் கிடையாது. டீக்கடையில் ஒருவர் சத்தமாகத் தினசரி படிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து அரசியல் விவாதித்த தெருக்கள் இவை. திராவிட இயக்கத்துப் படிப்பகங்கள், தொழிற்சங்க அலுவலகத்து பெஞ்சுகள், அம்பேத்கர் மன்றத்து இரவுப் பள்ளிகள். என் அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது அப்படி ஓர் இரவுப் பள்ளியில். கானா பாடுகிறவரைப் பாருங்கள். சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, செத்தவர் பெயரையும் வேலையையும் கேட்டுக் கேட்டு அங்கேயே வரி கட்டுகிறார். தப்பாகப் பாடினால் முன்னால் இருப்பவர் திருத்துவார். அதைவிடக் கறாரான எடிட்டர் உண்டா? ஆலைகள் மூடியபோது சங்க அலுவலகங்கள் காலியாயின. படிப்பகங்கள் பல கடையாகவோ குடோனாகவோ மாறின. இன்று கொளத்தூரில் படைப்பகம் என்று அரசே படிக்கவும் வேலை செய்யவும் இடம் கட்டியிருக்கிறது. நல்ல விஷயம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. எண்ணூருக்கும் ஒன்று வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே, அது வரும் வரை சும்மா இருக்கவும் கூடாது.

தனியறையே வேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. எனக்கு வேண்டும். இந்த வயதிலும் எனக்கென்று ஒரு கதவு கிடையாது. பூட்டிக்கொண்டு உட்காரும் ஒரு மணி நேரம் கிடைத்தால் நாவலை முடித்துவிடுவேன் என்று தோன்றாத நாள் இல்லை. அது ஆடம்பரம் இல்லை, அடிப்படை உரிமை. பிழைப்பு, படிப்பு, வீடு என்று நாம் கேட்கும் பட்டியலில் சதுர அடியும் இருக்க வேண்டும். கூட்டாக இருப்பதுதான் நம் பண்பாடு என்று யாராவது புகழ்ந்தால் அவர் வீட்டில் எத்தனை அறை என்று கேளுங்கள்.

அறை வரும் வரைக்கும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ரூம் பூட்டியே கிடக்கிறது. முன்பு சங்க அலுவலகமாக இருந்தது. இரண்டு மேசை, ஏழு நாற்காலி, ஒரு மின்விசிறி ஓடுகிறது, இன்னொன்று சத்தம் மட்டும் போடுகிறது. திங்கள் முதல் சனி வரை சாயந்திரம் ஆறில் இருந்து ஒன்பது வரை திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். பேசக் கூடாது. செவ்வாயும் வியாழனும் பெண்களுக்கு மட்டும், வீட்டில் யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்கான நாள். வாரம் நான்கு பேர் தாங்கள் எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மற்றவர்கள் திருத்த வேண்டும். "சூப்பர்" என்று மட்டும் சொல்பவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சாவி கீழே டைலர் கடை அக்காவிடம் இருக்கிறது. பெயரைச் சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், போகும்போது விசிறியை அணைத்துவிட்டுப் போங்கள்.